முப்பத்தேழாம் கேள்வி

முதல் தடவை மூன்று மதிப்பெண்ணில் போனது.
"விற்கத் தெரிந்தால் போதாது பெனடிக்டா,
தெரியும் என்று ஓர் அட்டையும் சொல்லவேண்டும்"
என்றார் மேலாளர்.
தேர்வுக் கட்டணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

அட்டை இல்லாதவள்
வாடிக்கையாளருக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டலாம்
லிஃப்ட் பொத்தானை அழுத்தலாம்
திரைச்சீலையைக்கூட விலக்கலாம்.
'கடல் தெரிகிறது பாருங்கள்' என்றுமட்டும்
சொல்லிவிடக் கூடாது.
கடல் தெரிந்துகொண்டுதான் இருந்தது.
நான் வாயை மூடி நின்றேன்.

அபு ஹெய்லில் என் இடம் ஏழடிக்கு நாலரை.
ஒரு பக்கம் சுவர், மூன்று பக்கம் ப்ளைவுட்.
இடப்பக்கம் ரெஞ்சினி, இரவுப்பணி நர்ஸ்,
பகலெல்லாம் குறட்டை.
வலப்பக்கம் மாரிசெல்
செபுவிலிருக்கும் மகனுக்கு
வீடியோவில் வாய்ப்பாடு கேட்பாள்.
அவன் ஏழெட்டில் தடுமாறுகையில்
நான் இரண்டு சதவீதத்தில் தடுமாறுவேன்.

எஸ்க்ரோ என்பது
கட்டுகிறவனுக்கும் கட்டுகிறவனுக்கும் நடுவே
பணம் காத்திருக்கும் கணக்கு.
ஒருவன் வீட்டைக் கட்டுகிறவன்
ஒருவன் தவணையைக் கட்டுகிறவன்.
தமிழில் படித்துப் பார்த்ததில்
யார் ஏமாறுவார் என்றே பிடிபடவில்லை.
புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

இரண்டாம் தடவை.
கிசைஸில் மூன்றாவது மாடி
பிணவறைக் குளிர்.
கடிகாரத்தைக் கழற்று, கைப்பேசியை லாக்கரில் வை,
கைக்குட்டையை உதறிக் காட்டு.
எனக்கு முன்னால் கோட் சூட் போட்ட சிரியாக்காரர்
ஆரம்பிக்கும் முன்பே வியர்த்திருந்தார்.
திரையின் மூலையில்
நிமிடங்கள் பின்னோக்கி இறங்கின.

முப்பத்தேழு:
உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல்
வாடகை வீட்டின் அறையைத் தற்காலிகத் தடுப்புகளால் பிரித்து
பலருக்கு உள்வாடகை விடுவது –
நாலு விடைகள்.
கடைசி விடை சரி. தெரியும்.
தெரியாத கேள்விகளில்கூட
நான் இவ்வளவு நேரம் நின்றதில்லை.
தவறான விடையில்தான்
பதினான்கு மாதமாகத் தூங்கி எழுகிறேன்.
மாதம் எழுநூறு திர்ஹம்
கரண்டும் வைஃபையும் சேர்த்து.

சொடுக்கினேன்.
அடுத்தது பராமரிப்புக் கட்டணம் பற்றி.
அது சுலபம்.

தேறிவிட்டேன்.
மாரிசெல் கேக் வாங்கி வந்தாள்
மூன்று பேர் உட்கார இடமில்லாமல்
பாத்ரூம் வாசலில் நின்றபடி தின்றோம்.
"ரொம்பக் கஷ்டமா?" என்றாள் ரெஞ்சினி.
"ஒண்ணே ஒண்ணு" என்றேன்.
எது என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அட்டை வந்த வெள்ளிக்கிழமை
ஜெய்லானி பாய் வந்தார், வாடகை வாங்குகிறவர்.
அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
போட்டோவில் நான்
யாருக்கோ வீடு காட்டப் போகிறவள்போலவே இருந்தேன்.
"எதிர் ஃப்ளாட் காலியாகுது.
மூணு ரூம். ஒன்பது போடலாம், ஹாலையும் சேர்த்தா பதினொண்ணு.
இனிமே நீங்க லைசென்ஸ் ஆளு,
ஆள் பிடிச்சுக் குடுங்க, கமிஷன் தர்றேன்."

"ஓனர் எழுதிக் குடுத்திருக்காரா?"
வாய் அதுவாகக் கேட்டுவிட்டது.

சிரித்தார்.
கெட்ட சிரிப்பு என்று சொல்லமுடியாது.
"உங்க கட்டிலுக்கு எழுதிக் குடுத்தாரா?"

இடப்பக்கம் குறட்டை நின்றது.
வலப்பக்கம் ஏழாம் வாய்ப்பாடு
பாதியில் நின்றது.
மூலையில் எந்த நிமிடமும் இறங்கவில்லை
நாலு விடைகளும் யாரும் தரவில்லை.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க பாய்"
என்றேன்.
"போர்வை மடிக்கணும்.
நீங்க நிக்கிற இடமும் வேணும்."